கோல் அடிப்பவரா, தடுப்பவரா? சம்பியன் கிண்ணத்தை வெல்வது யார்? ஜேர்மனிய உதைபந்தாட்டம் காட்டும் கணக்கு

வார இறுதியில் பிள்ளையை மைதானத்துக்குக் கூட்டிச் செல்வது ஜேர்மனியில் வாழும் எம்மில் பலருக்கு இன்று வழமையான கடமையாகிவிட்டது. தமிழ்ப் பாடசாலை, நடன வகுப்பு, மிருதங்க வகுப்பு என்று ஓடும் ஓட்டத்தில் உதைபந்தாட்டமும் சேர்ந்துகொண்டது. ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் நாம் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இண்டைக்கு எத்தனை கோல் அடிச்சனி?"

"ஒண்டும் அடிக்கேல்லை அப்பா. நான் பின்னுக்கு நிண்டனான்."

"சரி, அடுத்தமுறை அடி" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு காரை எடுக்கிறோம். அன்று அந்தப் பிள்ளை எதிரணியின் கால்களில் இருந்து எத்தனை பந்தைப் பறித்தது, எத்தனை கோல் விழாமல் மறித்தது என்பதை நாம் எண்ணவில்லை. எண்ண வேண்டும் என்று எமக்குத் தோன்றவுமில்லை.

இந்த நாட்டின் உதைபந்தாட்ட மைதானங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சொன்று உண்டு. தாக்குதல் ஆட்டங்களை வெல்லும், தடுப்பாட்டம் சம்பியன் பட்டத்தை வெல்லும் என்பதே அது. அமெரிக்க விளையாட்டுப் பயிற்றுநர்களிடமிருந்து வந்து, இப்போது ஜேர்மனியப் பழமொழி போலவே ஆகிவிட்டது. இது உண்மையா? உண்மையென்றால் பின்களத்தில் நிற்கும் எமது பிள்ளைகளை நாம் இவ்வளவு காலமும் தவறாக அல்லவா மதிப்பிட்டு வந்திருக்கிறோம்? உணர்ச்சியை ஒருபக்கம் வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

பதினைந்து பருவகாலங்களின் கணக்கு

1963இல் தொடங்கிய புண்டெஸ்லீகாவில் இப்போது 18 அணிகள் ஆடுகின்றன. ஓர் அணிக்கு ஒரு பருவகாலத்தில் 34 ஆட்டங்கள். 2010/11 முதல் 2024/25 வரையான 15 பருவகாலங்களை எடுத்துக்கொண்டு இரண்டே கேள்விகளைக் கேட்டுப் பார்த்தோம். சம்பியனான அணிதான் அந்த ஆண்டில் அதிக கோல்களை அடித்ததா? சம்பியனான அணிதான் மிகக்குறைந்த கோல்களை வாங்கியதா?

முதற் கேள்விக்கு 15இல் 12 தடவை "ஆம்". இரண்டாவது கேள்விக்கும் 15இல் 12 தடவை "ஆம்". அந்த 12இல் இரண்டு தடவை வேறோர் அணியும் அதே எண்ணிக்கையில் கோல் வாங்கிச் சமமாக நின்றது. ஒன்பது பருவகாலங்களில் சம்பியன் அணி இரண்டிலும் முதலிடம். 2012/13இல் பயேர்ன் மூன்சன் 98 கோல்களை அடித்து 18ஐ மாத்திரம் வாங்கியது இதற்கு நல்ல உதாரணம். அப்படிப்பட்ட ஆண்டுகளைப் பார்த்து எது முக்கியம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

சிறந்த தாக்குதல் ஓர் அணியிடமும் சிறந்த தடுப்பாட்டம் இன்னோர் அணியிடமும் இருந்த ஆண்டுகள்தான் எமது கேள்விக்கு உதவும். அப்படி ஆறு பருவகாலங்கள் இருந்தன.

தடுப்பாட்டம் வென்றவை:

2010/11: டோட்முண்ட் 67 கோல் அடித்து, 22 வாங்கிச் சம்பியன். 81 கோல் அடித்த பயேர்ன் மூன்றாம் இடம்.

2015/16: பயேர்ன் 80 அடித்து, 17 வாங்கிச் சம்பியன். 82 அடித்த டோட்முண்ட் இரண்டாம் இடம்.

2023/24: லெவர்குசன் 89 அடித்து, 24 வாங்கிச் சம்பியன். 94 அடித்த பயேர்ன் மூன்றாம் இடம்.

தாக்குதல் வென்றவை:

2011/12: டோட்முண்ட் 80 அடித்து, 25 வாங்கிச் சம்பியன். 22 மாத்திரம் வாங்கிய பயேர்ன் இரண்டாம் இடம்.

2018/19: பயேர்ன் 88 அடித்து, 32 வாங்கிச் சம்பியன். 29 வாங்கிய லைப்சிக் மூன்றாம் இடம்.

2020/21: பயேர்ன் 99 அடித்து, 44 வாங்கிச் சம்பியன். 32 வாங்கிய லைப்சிக் இரண்டாம் இடம்.

மூன்றுக்கு மூன்று. பழமொழி சொல்வதுபோலத் தடுப்பாட்டம் மேலோங்கி நிற்கவில்லை. ஆனால் கோல் அடிப்பவர்தான் எல்லாம் என்று நாம் நம்பி வந்ததும் சரியில்லை. பட்டத்தில் சரிபாதி பின்களத்துக்குச் சொந்தம்.

ஒருபக்கம் மாத்திரம் பலமாக இருந்தால்

2024/25இல் ஹம்புர்க் நகரின் சென்ட் பவுலி அணி 41 கோல்களையே வாங்கியது. சம்பியனான பயேர்ன் மாத்திரமே அதைவிடக் குறைவாக, 32 கோல்களை வாங்கியிருந்தது. ஆனால் சென்ட் பவுலி அடித்ததோ வெறும் 28 கோல்கள். 18 அணிகளில் அதுதான் மிகக்குறைவு. முடிவில் அவர்களுக்குக் கிடைத்தது 14ஆம் இடம். அந்த இடத்தையும் அவர்களுக்குக் காப்பாற்றிக் கொடுத்தது பின்களம்தான். பட்டத்துக்கு அது போதாது.

2008/09இலும் இதே கதைதான். அந்த ஆண்டில் மிகக்குறைந்த கோல்களை வாங்கிய ஷால்க அணி 35 கோல்களுடன் எட்டாம் இடத்தில் முடித்தது. 41 கோல்களை வாங்கிய வொல்ஃப்ஸ்புர்க் சம்பியன் ஆனது. அவர்கள் அடித்த 80 கோல்களில் 54 கோல்கள் கிரபித்தே, ஜெக்கோ என்ற இருவரின் கால்களிலும் தலைகளிலும் இருந்து வந்தவை.

மறுபக்கத்துக்கும் சான்று உண்டு. 2023/24இல் ஹரி கேன் தனியொருவராக 36 கோல்களை அடித்தார். பயேர்ன் அணி மொத்தமாக 94 அடித்தது. ஆனால் 45 கோல்களையும் வாங்கியது. பதினோர் ஆண்டுகள் தொடர்ந்து பட்டத்தை வைத்திருந்த கழகம் மூன்றாம் இடத்துக்குப் போனது. இங்கிலாந்தில் இதைவிடப் பெரிய விந்தை நடந்தது. 1937/38இல் நடப்புச் சம்பியனாக இருந்த மன்செஸ்டர் சிற்றி, முதற் பிரிவில் மற்ற எல்லா அணிகளையும்விட அதிகமாக 80 கோல்களை அடித்தும், கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்பட்டது.

புள்ளி விதியும் ஒரு காரணம்

லீக் போட்டிகளில் தடுப்பாட்டம் மாத்திரம் போதாமல் போவதற்குப் புள்ளி விதியும் காரணம். 1995 வரை புண்டெஸ்லீகாவில் வெற்றிக்கு 2 புள்ளிகள், சமநிலைக்கு 1 புள்ளி. 1995/96 முதல் வெற்றிக்கு 3 புள்ளிகள்.

ஓர் அணி 34 ஆட்டங்களையும் சைபருக்குச் சைபர் என்று முடிப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு விதியிலும் அதற்குக் கிடைப்பது 34 புள்ளிகள்தான். பழைய விதியில் அது மொத்தப் புள்ளிகளில் சரிபாதி, அட்டவணையின் நடுப்பகுதியில் இடம் கிடைக்கும். இன்றைய விதியில் 102இல் 34. அந்த அணி கீழ்ப் பிரிவுக்குப் போகாமல் தப்புவதற்கே போராட வேண்டியிருக்கும். இரண்டு சமநிலைகளைவிட ஒரு வெற்றியும் ஒரு தோல்வியும் இப்போது இலாபம். சமநிலைக்காக ஆடும் அணி, இப்போது வருமானம் குறைந்த தொழிலைச் செய்கிறது.

1966/67இல் பிறவுண்ஸ்வைக் அணி 49 கோல்களை மாத்திரம் அடித்து, 27 வாங்கிச் சம்பியன் ஆனது. இதுவரை எந்தச் சம்பியனும் அதைவிடக் குறைவாக அடித்ததில்லை. அது பழைய விதியின் காலம். இன்று அப்படி வெல்வது மிகக் கடினம்.

கிண்ணப் போட்டிகளில் என்ன நடக்கிறது?

தோற்றால் வெளியே என்ற முறையில் நடக்கும் போட்டிகளில் கணக்கு சற்று மாறும். அங்கே சமநிலைக்குத் தண்டனை இல்லை. மேலதிக நேரம் வரும், பிறகு தண்ட உதை வரும். ஒரு கோலை வாங்கினால் அதை அடுத்த வாரம் ஈடுசெய்ய முடியாது.

ஷால்க அணியின் நெதர்லாந்துப் பயிற்றுநர் ஹூப் ஸ்டீவன்ஸ், எங்கள் பக்கத்துச் சைபர் அழியக்கூடாது என்ற கொள்கையால் புகழ்பெற்றவர். 1996/97இல் அந்த அணி புண்டெஸ்லீகாவில் 12ஆம் இடம். அதே பருவகாலத்தில் யூஏபா கிண்ணத்தை வென்றது. இன்ரர் மிலான் அணியுடனான இறுதியாட்டம் இரண்டு சுற்றுகளாக நடந்தது. கெல்சன்கேர்சனில் ஷால்க 1:0, மிலானில் இன்ரர் 1:0, பிறகு தண்ட உதைகளில் ஷால்க வென்றது. ஒரே அணி, ஒரே வீரர்கள். லீக்கில் பன்னிரண்டாம் இடத்துக்கு மேல் போக முடியாதவர்களுக்குக் கிண்ணம் கிடைத்தது.

2004இல் கிரேக்கம் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றபோதும் பயிற்றுநர் ஒரு ஜேர்மனியர்தான், ஒட்டோ ரேகாகல். காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றையும் 1:0 என்றே வென்றார்கள். 2010இல் உலகக்கிண்ணம் வென்ற ஸ்பெயினும் காலிறுதிக்கு முந்தைய சுற்றிலிருந்து இறுதி வரை நான்கு ஆட்டங்களையும் 1:0 என்றே முடித்தது. முழுத் தொடரிலும் அடித்தது 8, வாங்கியது 2.

ஆனால் இதையும் விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. 2006 உலகக்கிண்ணம் இந்த நாட்டிலேயே நடந்தது. அதில் எமது அயல்நாடான சுவிற்சர்லாந்து நான்கு ஆட்டங்களில் ஒரு கோலைக்கூட வாங்கவில்லை. பிரான்சுடன் 0:0, டோகோவுடன் 2:0, தென்கொரியாவுடன் 2:0. பிறகு கேல்ன் நகரில் உக்ரைனுடன் 0:0. தண்ட உதையில் சுவிஸ் வீரர்கள் மூவர் அடித்தும் ஒன்றும் உள்ளே போகவில்லை. ஆட்டத்தில் ஒரு கோலும் வாங்காமலே அவர்கள் வீடு திரும்பினார்கள். சுவிசில் இருக்கும் எமது உறவுகளுக்கு அந்த இரவு மறக்காது.

மறுமுனையில் 1954ஐப் பாருங்கள். பேர்ண் நகரில் ஹங்கேரியை 3:2 என்று வென்று மேற்கு ஜேர்மனி முதன்முறையாக உலகக்கிண்ணத்தை எடுத்தது. போரில் உருக்குலைந்த ஒரு நாடு மீண்டும் தலைநிமிர்ந்த நாள் என்று இந்நாட்டு மூத்தவர்கள் இன்றும் பேசுவது அந்த ஆட்டத்தைத்தான். அந்தத் தொடரில் ஜேர்மனி 25 கோல்களை அடித்து, 14 கோல்களை வாங்கியது. உலகக்கிண்ணம் வென்ற எந்த அணியும் அவ்வளவு கோல்களை வாங்கியதில்லை. குழுநிலையில் அதே ஹங்கேரியிடம் 8:3 என்று தோற்றும் இருந்தார்கள்.

அண்மைய தொடர்களிலும் ஒரே வழி இல்லை. இத்தாலி 2006இல் 2 கோல்களையே வாங்கி வென்றது. ஆர்ஜென்ரீனா 2022இல் 8 வாங்கியும் வென்றது, அடித்தது 15. எனவே கிண்ணப் போட்டியில் தடுப்பாட்டம் ஓர் அணியை நீண்டதூரம் கொண்டுபோகும் என்று சொல்லலாம். கடைசிப் படியை ஏற யாராவது ஒருவர் பந்தை வலைக்குள் போட்டேயாக வேண்டும்.

அந்த ஒருவர் யார்?

இங்கேதான் விடயம் சுவாரசியமாகிறது. 2006இல் டோட்முண்டில் நடந்த அரையிறுதியில் ஜேர்மனியின் கனவைக் கலைத்த முதற்கோலை 119ஆவது நிமிடத்தில் அடித்தவர் பாபியோ குரோசோ. அவர் இத்தாலியின் இடது பின்கள வீரர். பேர்லின் இறுதியாட்டத்தில் இத்தாலிக்குச் சமநிலைக் கோலை அடித்த மத்தராசி மத்திய பின்கள வீரர். வெற்றியைத் தந்த கடைசித் தண்ட உதையையும் குரோசோவே அடித்தார். அவ்வாண்டின் தங்கப் பந்து விருதைப் பெற்ற கன்னவாரோவும் பின்கள வீரர்தான்.

2014இல் ஜேர்மனி வென்றபோது, பிரேசிலை 7:1 என்று வென்றதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன் பிரான்சுடனான காலிறுதியை 1:0 என்று வென்று கொடுத்த கோலைத் தலையால் அடித்தவர் மத்திய பின்கள வீரர் மாற்ஸ் கும்மல்ஸ். அதற்கும் முந்தைய அல்ஜீரியா ஆட்டத்தில் கோல் காப்பாளர் நொயர் தன் எல்லையை விட்டு ஓடிவந்து பந்துகளை வெளியேற்றியிராவிட்டால், பிரேசிலுடனான ஆட்டமே வந்திருக்காது.

2023/24இல் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் லெவர்குசன் சம்பியன் ஆனதைப் பார்த்தோம். ஷாபி அலொன்சோவின் அந்த அணியில் இரு கரைகளிலும் ஓடிய பின்கள வீரர்கள் கிரிமால்டோவும் பிரிம்பொங்கும் லீக்கில் மாத்திரம் முறையே 10, 9 கோல்களை அடித்தார்கள். முந்தைய பருவகாலத்தில் 57 அடித்து 49 வாங்கி ஆறாம் இடத்தில் இருந்த கழகம் அது. ஒரே ஆண்டில் 32 கோல்கள் கூடுதலாக அடித்து, 25 கோல்கள் குறைவாக வாங்கியது.

எதிர்ப்பக்கமும் அப்படித்தான். யூர்கன் குளொப் டோட்முண்டில் வளர்த்தெடுத்த ஆட்டமுறையில், பந்தை இழந்த கணமே அதைத் திரும்பப் பறிக்க முதலில் பாய்வது முன்கள வீரர்கள். எதிரணியின் கோலுக்கு அருகிலேயே பந்து திரும்பக் கிடைத்தால், அது தடுப்பாட்டமா தாக்குதலா? இரண்டும்தான். 2010/11இல் 22 கோல்களை மாத்திரம் வாங்கிய புகழ் கும்மல்ஸ், சுபோடிச் ஆகியோருக்கு மாத்திரம் உரியதல்ல. முன்னுக்கு நின்று ஓடி ஓடிக் களைத்தவர்களுக்கும் அதில் பங்குண்டு.

இந்த நாடு யாரைக் கொண்டாடுகிறது?

தங்கப் பந்து விருதை ஜேர்மனிய ஆண்கள் ஏழு தடவை பெற்றிருக்கிறார்கள். அதில் மூன்று பின்களத்திலிருந்து வந்தவை: பெக்கன்பவர் 1972, 1976, மத்தியாஸ் சம்மர் 1996. பின்னால் நின்று ஆட்டத்தையே நடத்திய பெக்கன்பவரை இந்த நாடு 'மன்னர்' என்றே அழைத்தது. 2002 உலகக்கிண்ணத்தின் சிறந்த வீரராகத் தெரிவானவர் கோல் காப்பாளர் ஒலிவர் கான். இறுதியாட்டத்துக்கு முன் அவர் வாங்கியது ஒரே ஒரு கோல்.

மகள்களை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோருக்கு இன்னொரு கதை உண்டு. 2007 உலகக்கிண்ணத்தில் ஜேர்மனியப் பெண்கள் அணி ஆறு ஆட்டங்களில் 21 கோல்களை அடித்து, ஒன்றையும் வாங்காமல் வென்றது. இறுதியாட்டத்தில் பிரேசிலின் மார்த்தா அடித்த தண்ட உதையைக் கோல் காப்பாளர் நடீன் அங்கரர் தடுத்தார். 2013 ஐரோப்பியக் கிண்ண இறுதியில் நோர்வேயின் இரண்டு தண்ட உதைகளைத் தடுத்து, அணிக்கு 1:0 வெற்றி தந்தார். அவ்வாண்டில் உலகின் சிறந்த வீராங்கனை விருது அவருக்கே. ஆண், பெண் இருபாலாரிலும் அந்த விருதைப் பெற்ற முதற் கோல் காப்பாளர் அவர்தான்.

மைதான ஓரத்தில் நாம்

எமக்கு உதைபந்தாட்டம் ஜேர்மனிக்கு வந்து பழகிய விளையாட்டல்ல. நாவாந்துறை, குருநகர், இளவாலை என்று ஊரூராகக் கழகம் வைத்து ஆடியவர்கள் நாம். இங்கே வந்தபின்னும் கோடைகாலச் சுற்றுப்போட்டிகளை விடவில்லை. ஆனால் அங்கும் இங்கும் ஒரு பழக்கம் எம்மோடு கூடவே வந்தது. நல்லா ஆடுகிறவனை முன்னுக்கு விடுவது, ஆடத் தெரியாதவனைப் பின்னுக்கு நிறுத்துவது, உடம்பு கொஞ்சம் பெருத்தவனைக் கோலுக்குள் விடுவது. எமது ஒருநாள் சுற்றுப்போட்டிகளில் ஆட்டநேரம் குறைவு. வாங்கிய கோலைத் திருப்பி அடிக்க நேரம் கிடைக்காது. பல ஆட்டங்கள் தண்ட உதைக்குப் போகின்றன. பின்களமும் கோல் காப்பாளரும் மிக அதிகமாகத் தேவைப்படும் இடத்தில்தான் நாம் அவர்களை மிகக் குறைவாக மதிக்கிறோம்.

ஜேர்மனிய உதைபந்தாட்டச் சங்கம் 2024/25 முதல் சின்னப் பிள்ளைகளுக்கு நாடு முழுவதும் புதிய ஆட்டமுறையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆகச் சிறிய வயதினர் இருவருக்கு இருவர், மூவருக்கு மூவர் என்று சின்னக் கோல்களில் ஆடுகிறார்கள். அவர்களுக்குப் புள்ளிப்பட்டியல் கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்து அடிக்கடி கிடைக்கும். ஒவ்வொரு பிள்ளையும் அடிக்கவும் வேண்டும், மறிக்கவும் வேண்டும். எட்டு வயதில் ஒருவனை "நீ பின்னுக்குத்தான்" என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பது இதன் நோக்கங்களில் ஒன்று. எமது கழகங்களின் சிறுவர் போட்டிகளும் இதைப் பின்பற்றலாம். செலவு ஒன்றுமில்லை.

வளர்ந்த பிள்ளை தானாகவே பின்களத்தை விரும்பித் தெரிவுசெய்தால், அதைத் தோல்வியாக எண்ணிப் பயிற்றுநரிடம் போய் "இவனை முன்னுக்கு விடுங்கோ" என்று கேட்க வேண்டாம். பதினைந்து ஆண்டுக் கணக்கு அவனுடைய பக்கத்திலும் நிற்கிறது. அடுத்த ஆட்டத்தின்போது பந்தின் பின்னாலேயே கண்ணைக் கொண்டுபோகாமல், ஓர் ஐந்து நிமிடம் எமது பிள்ளையை மாத்திரம் பார்ப்போம். பந்து வருமுன் அவன் எங்கே போய் நிற்கிறான், பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன சொல்கிறான், பறித்த பந்தை யாரிடம் கொடுக்கிறான் என்று கவனிப்போம்.

பிறகு காரில் ஏறியதும் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம். "இண்டைக்கு எத்தனை பந்து மறிச்சனி?" என்று கேட்டுப் பாருங்கள். வீடு வந்து சேரும்வரை அவன் சொல்லிக்கொண்டே வருவான்.